முதலில் நிற்கட்டும், அப்புறம் ஓடட்டும்

பழைய பிளாட்பெட் லாரிகளை, அதாவது பின்னால் தட்டையான திறந்த தளம் உள்ள லாரிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே. இடம் போதாததால் கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். லாரியின் குலப்பெருமையை நாலு பக்கம் எழுதியவர்கள் மன்னிக்கவும்.

கேள்வி: சித்தப்பாவின் பிளாட்பெட் லாரி பல வருடங்களாக மரத்தடியில் நிற்கிறது. என்னையே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கையில் காசு அதிகம் இல்லை. பளபளவென்று காட்சிக்கு வைக்கும் ஆசையும் இல்லை, ஓடினால் போதும். எங்கிருந்து தொடங்குவது, ஐயா?
– மரத்தடி வாரிசு

பதில்: சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, ஒரு சின்னச் சுத்தியலும் பழைய ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் படுங்கள். பானெட்டை அப்புறம் திறக்கலாம். எல்லோரும் முதலில் இன்ஜினைத்தான் பார்க்கிறார்கள். இன்ஜின் போனால் வேறு இன்ஜின் ஏற்றலாம், சேசிஸ் போனால் லாரியே போச்சு.

சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களையும் முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘ணங்’ என்று பேசும். துருப்பிடித்தது ‘தொப்’ என்று ஊமையாகக் கேட்கும். ஊமையாகக் கேட்ட இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். பின்பட்டையின் (பட்டை ஸ்பிரிங்கின்) பிராக்கெட் சேசிஸோடு ரிவெட் அடித்திருக்கும் இடம், குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலை, பலப்படுத்துவதற்காக ஒரு தகட்டின் மேல் இன்னொரு தகடு வைத்திருக்கும் இடம் ஆகியவற்றில் கண்ணை அதிகம் வையுங்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு பிடித்தால் அது உப்பி, ரிவெட்டையே பிடுங்கிவிடும். லாரித் தளத்துக்கும் சேசிஸுக்கும் நடுவில் நீளமாக ஒரு மரச்சட்டம் கிடக்கும். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, சேசிஸின் மேல்பக்கத்தை யார் கண்ணிலும் படாமல் அரிக்கும். ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் சித்தப்பாவுக்கு நன்றி சொல்லிவிட்டு யோசியுங்கள்.

அடுத்து, என்னென்ன இல்லை என்று எழுதுங்கள். தேய்ந்த பேரிங்குக்கு ஓர் அளவு இருக்கிறது, எங்காவது கிடைக்கும். காணாமல் போன கதவுக் கைப்பிடி, பானெட் கொக்கி, டேஷ்போர்டு மீட்டர், கார்புரேட்டர் லிங்கேஜ் இவற்றைத் தேடி அலைவதில்தான் காசு கரையும். கண்ணாடி உடைந்திருந்தால் பதறாதீர்கள். பழைய கேபின்கள் பலவற்றில் தட்டைக் கண்ணாடிதான். இரண்டு தகடுகளை நடுவில் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியை அளவுக்கு வெட்டி மாட்டிவிடலாம். வளைந்த முன்கண்ணாடி உள்ள லாரி என்றால், அது முழுசாக இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள்.

பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது? பிரேக், டயர், ஸ்டீயரிங் முதலில். பெட்ரோல் போகும் வழியும் தண்ணீர் ஓடும் வழியும் பிறகு. அதற்கப்புறம் ஒயரிங். இன்ஜினுக்கு அது கேட்டதை மட்டும் கொடுங்கள். கேபின் கடைசி. இன்னொன்று, எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். முழுக்கக் கழற்றிப் போட்ட லாரி, பெரும்பாலும் பெட்டி பெட்டியாக வேறொருவர் கைக்குத்தான் போகிறது. ஒரு சக்கரத்தைக் கழற்றினால் அதை முடித்து மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கழற்றிய நட்டை அதே போல்ட்டில் திருப்பி மாட்டி வையுங்கள். கழற்றுமுன் போனில் படம் எடுங்கள், ஒயர் இருக்கும் இடத்தில் இரண்டு படமாக.

கேள்வி: ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். செல்ஃப் அடித்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஜின் சுற்றவே இல்லை. ஜாம் ஆகிவிட்டது, இறக்கித்தான் ஆக வேண்டும் என்கிறார் தெரிந்த மெக்கானிக். இறக்க வேண்டுமா?
– செல்ஃப் அடித்துக் கை ஓய்ந்தவர்

பதில்: இப்போது வேண்டாம். முதலில் செல்ஃபைத் தொடுவதை நிறுத்துங்கள். ஒட்டியிருக்கும் பிஸ்டனைச் செல்ஃபால் இழுத்தால் ரிங் உடையும், சில சமயம் ஃப்ளைவீல் பல்லே போகும்.

நீண்ட நாள் நின்ற இன்ஜினில், ஏதோ ஒரு வால்வு திறந்த நிலையில் நின்றிருக்கும். அந்தச் சிலிண்டருக்குள் ஈரக் காற்று போய், ரிங்கும் சுவரும் சேரும் இடத்தில் மெல்லிய துரு கட்டும். பெரும்பாலும் விஷயம் இவ்வளவுதான். பிளக் ஆறையும் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வையுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து, ஒவ்வொரு துளையிலும் ஒரு சின்னக் கிண்ணம் அளவு ஊற்றுங்கள். இரண்டும் தாமாகக் கலந்து நிற்காது, ஊற்றும்போதெல்லாம் குலுக்கிக்கொள்ளுங்கள். அசிட்டோன் நெருப்பைக் கண்டால் பாயும், பக்கத்தில் பீடி கூட வேண்டாம். ஊறட்டும். அவசரப்படாதீர்கள். வற்றினால் மறுபடி ஊற்றுங்கள்.

பிறகு கிராங்க் முன்னால் உள்ள பெரிய நட்டில் நீளக் கைப்பிடி மாட்டி, இரண்டு பக்கமும் மாறி மாறி ஆட்டுங்கள். ஒரே பக்கமாக முரட்டுத்தனமாக அழுத்த வேண்டாம். ஒரு நூல் அசைந்தாலும் போதும், அதை நாளுக்கு நாள் இரண்டு நூல் ஆக்கலாம். சுற்ற ஆரம்பித்ததும் வால்வு மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கள். சுற்றும்போது எல்லா வால்வும் ஏறி இறங்குகிறதா? ஒன்று மட்டும் இறங்காமல் நின்றுவிட்டால், அதற்கு மேல் சுற்றாதீர்கள், வால்வைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளையும். வால்வு தண்டில் ஆயில் விட்டு, மரச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் பெரும்பாலும் இறங்கிவிடும்.

இதெல்லாம் ஆன பிறகு பழைய ஆயிலை இறக்குங்கள். மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட்டையோ வெடித்த பிளாக்கையோ சந்தேகப்படலாம். புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே செல்ஃபைச் சுற்றி, ஆயில் மீட்டர் முள் எழுந்த பிறகுதான் பிளக் மாட்ட வேண்டும். முள் எவ்வளவு எழும் என்பது இன்ஜினைப் பொறுத்தது. செவ்ரோலெட்டின் பழைய 216 கன அங்குல இன்ஜினில் கனெக்டிங் ராடு பேரிங்குகளுக்கு ஆயில் அழுத்தத்தில் போகாது. ராடின் அடியில் உள்ள சின்னக் கரண்டி ஆயிலை அள்ளிக்கொள்ளும் ஏற்பாடு அது. முள் தாழ்வாகத்தான் நிற்கும். அதைப் பார்த்து இன்ஜின் போச்சு என்று யாராவது சொன்னால், அவர் அந்த இன்ஜினைப் பார்த்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பற்றவைப்பில், ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் தொடுமுனையான பாயின்ட்டின் முகம் வெள்ளையாகப் பூத்திருக்கும். மெல்லிய அரத்தால் ஒரு இழுப்பு, சுத்தமான துணியால் ஒரு துடைப்பு. இடைவெளி பொதுவாக 0.4 மில்லிமீட்டர் பக்கம், சரியான அளவு உங்கள் இன்ஜின் கையேட்டில் இருக்கும். புதுசாக ஒரு ‘கிட்’ வாங்குமுன் இதைச் செய்துபாருங்கள், பல இன்ஜின்கள் இதற்கே ஸ்பார்க் கொடுத்துவிடும்.

கேள்வி: பெட்ரோல் டேங்கைத் திறந்தால் வார்னிஷ் வாடை. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரே செம்மண். புது டேங்குக்கு வழியில்லை.
– வாடை தாங்காதவர்

பதில்: முதல் ஸ்டார்ட்டுக்கு அந்த டேங்க் தேவையே இல்லை. ஒரு சின்ன கேனில் புதுப் பெட்ரோல் ஊற்றி, புது ரப்பர் குழாயால் பம்ப்புக்கு இணையுங்கள். இன்ஜின் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்த பிறகு டேங்குக்கு வரலாம்.

சுத்தம் செய்ய எனக்குப் பிடித்தது மின்சார வழி. வேலையைக் கையால் செய்ய வேண்டியதில்லை, காத்திருந்தால் போதும். பெட்ரோலை முழுக்க வடித்து, சோப்புத் தண்ணீரால் வாடை போகும்வரை கழுவுங்கள். பிறகு தண்ணீரில் சலவை சோடா கரைத்து டேங்கை நிரப்புங்கள். வாய் வழியாக ஒரு இரும்புக் கம்பியைத் தொங்கவிடுங்கள். கம்பி டேங்கின் எந்தப் பக்கத்தையும் தொடக்கூடாது, ரப்பரிலோ மரத்திலோ பிடித்து நிறுத்துங்கள். பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் டேங்குக்கு, பாசிட்டிவ் கம்பிக்கு. மாற்றிக் கொடுத்தால் டேங்கே கரைய ஆரம்பிக்கும். கம்பியைச் சுற்றிக் கருப்பாக நுரை கட்டும், அவ்வப்போது எடுத்துச் சுரண்டிவிட்டுத் திரும்பப் போடுங்கள். ஸ்டெயின்லெஸ் கம்பி மட்டும் கூடாது, அதிலிருந்து குரோமியம் நஞ்சு தண்ணீரில் இறங்கும். நுரையில் வருவது ஹைட்ரஜன், ஆகவே திறந்த வெளியில் செய்யுங்கள், சார்ஜரை அணைத்துவிட்டுத்தான் கிளிப்பைக் கழற்ற வேண்டும்.

முடிந்ததும் அலசி, உடனே காயவைத்து, கொஞ்சம் டீசலைச் சுழற்றி விடுங்கள். அப்படியே விட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சிவக்கும். ஓட்டை தெரிந்தால் வெல்டிங் வைக்காதீர்கள். பல வருடம் காலியாகக் கிடந்த டேங்கிலும் ஆவி இருக்கும், அது வெடித்தால் டேங்கோடு ஆளும் போவான். ஈய ஒட்டு வேலையைக் கூட அதற்கென்று பழகியவரிடம் விடுங்கள்.

பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களை எல்லாம் ஒன்றுவிடாமல் மாற்றுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் பழைய ரப்பர் உள்ளுக்குள்ளேயே கரைந்து கார்புரேட்டரை அடைக்கும். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: என் ஃபோர்டு லாரியில் 6 வோல்ட் பேட்டரி. எல்லாவற்றையும் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடு என்கிறார்கள் நண்பர்கள்.
– ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்

பதில்: காசு குறைவு என்றால் மாற்றாதீர்கள். பல்பு, மீட்டர், காயில், ஹீட்டர் மோட்டார் என்று ஒவ்வொன்றாகக் கையை நீட்டும். ஃபோர்டு 1956 மாடலில்தான் 12 வோல்ட்டுக்கு வந்தது. அதுவரை ஓடிய லாரிகளும் ஸ்டார்ட் ஆகித்தான் ஓடின.

6 வோல்ட்டுக்குத் தேவை தடித்த ஒயர். 60 வாட் விளக்குக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் போதும், 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் ஓட வேண்டும். செல்ஃபுக்கும் அதே கணக்கு. யாராவது நடுவில் 12 வோல்ட் பேட்டரிக்கான மெல்லிய கேபிளை மாட்டியிருப்பார்கள், அதனால்தான் செல்ஃப் முனகுகிறது. தடித்த கேபிள் போட்டு, இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டையைச் சுரண்டி இறுக்கிப் பாருங்கள். ஃபோர்டின் 6 வோல்ட் லாரிகளில் பாசிட்டிவ்தான் எர்த். பழக்கதோஷத்தில் மாற்றி மாட்டிவிடாதீர்கள். பேட்டரி பக்கத்தில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வையுங்கள். துணி சுற்றிய பழைய ஒயரை நம்பி ராத்திரி தூங்க முடியாது.

கேள்வி: பிரேக் பெடலை இரண்டு மூன்று தடவை மிதித்தால் பிடிக்கிறது. ஆயில் ஊற்றி, காற்று எடுத்து ஓட்டலாமா? டிரம்மைக் கழற்றச் சோம்பலாக இருக்கிறது, உண்மையைச் சொல்கிறேன்.
– சோம்பலை ஒப்புக்கொண்டவர்

பதில்: ஒப்புக்கொண்டதற்காக நன்றி, ஆனால் கழற்றத்தான் வேண்டும். பழைய லாரிகளில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. இப்போதைய வண்டிகள்போல இரண்டாகப் பிரித்திருக்காது. ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் இல்லை, பெடல் நேராகத் தரைக்குப் போகும்.

டிரம்மைக் கழற்றுமுன் ஒரு விஷயம். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். டிரம் வரவில்லை என்றால் பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்தாமல் இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். தேய்ந்த டிரம்மின் ஓரத்தில் ஒரு வரப்பு நிற்கும், ஷூ அதில் மாட்டிக்கொள்ளும்.

உள்ளே வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் தூக்கிப் பாருங்கள். ஈரம் வந்தால் கசிகிறது. காய்ந்த துருப்பொடி வந்தால் பிஸ்டன் ஒட்டியிருக்கிறது. சிலிண்டரைப் பிரித்து உள்சுவரை நகத்தால் தடவுங்கள். வழவழப்பாக இருந்தால் புது ரப்பர் வாஷர் மட்டும் போட்டு மாட்டலாம், செலவு சொற்பம். நகத்தில் குழி தட்டினால் ஹோனிங் செய்து, அதாவது உள்சுவரைத் தேய்த்து வழவழப்பாக்கிப் பார்க்கலாம். ஆழமான குழி என்றால் உள்ளே ஸ்லீவ் (உட்குழாய்) போடவோ சிலிண்டரையே மாற்றவோ வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கும் இதேதான்.

ரப்பர் ஹோஸ் மூன்றும் வெளியில் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். உள்ரப்பர் உப்பி வழியை அடைத்துக்கொள்ளும். மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டால் திரும்பாது, சக்கரம் பிடித்தபடியே கிடக்கும். ஆள் டிரம்மைக் கழற்றிக் கழற்றிப் பார்ப்பார், குற்றவாளி வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். இரும்புக் குழாயில் துருப்புள்ளி தெரிந்தால் அதையும் மாற்றுங்கள். நிக்கல் கலந்த செம்புக் குழாய் கையால் வளைக்க வசதி, துருவும் பிடிக்காது. ஆனால் முனையை இரட்டையாக மடித்து ஃபிளேர் செய்ய (விரிக்க) வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஜாயின்ட் எதையும் இதில் காட்டாதீர்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தரப் பிரேக் ஆயில் புதுசில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். இறக்கத்தில் டிரம் சூடேறும்போது ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சாகும். பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றிவிட்டு, மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கிக் காற்று எடுங்கள். இன்ஜின் ஆயிலோ வேறு மினரல் ஆயிலோ ஒரு சொட்டு கலந்தாலும் புது ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். வேலை முழுசும் தண்டம்.

கேள்வி: அண்ணா, பின் டயர் ஒன்று பஞ்சர். ரிம்மில் ஒரு வளையம் தனியாக இருக்கிறது. வீட்டிலேயே கம்பி போட்டுக் கழற்றிவிடலாமா?
– அவசரத் தம்பி

பதில்: வேண்டாம், தம்பி. அது லாக் ரிங், டயரை ரிம்மில் பிடித்து நிறுத்தும் வளையம். டயருக்குள் காற்று இருக்கும்போது டயர் முழு பலத்தோடு அந்த வளையத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். லாரி டயரின் அழுத்தத்தைப் பக்கவாட்டின் பரப்பால் பெருக்கிப் பார், டன் கணக்கில் வரும். துருப்பிடித்து, பள்ளத்தில் சரியாக உட்காராமல் இருந்தால் அது கழன்று பறக்கும். என்னோடு வேலை கற்றவர் ஒருவருக்கு முன்கை எலும்பு மூன்று இடத்தில் போயிற்று. கை என்பதால் பிழைத்தார்.

வீட்டில் நீ செய்யக்கூடியது: சக்கரத்தின் நட்டைத் தொடுமுன் வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்கு. இரட்டைச் சக்கரம் என்றால் இரண்டிலும் இறக்கு. அவ்வளவுதான். மீதியை இரும்புக் கூண்டு வைத்திருக்கும் டயர்க்காரரிடம் கொண்டுபோ. அவர் ரிங்கையும் பள்ளத்தையும் சுரண்டிப் பார்த்து, பொருந்துமா என்று சொல்வார். வேறு ரிம்மின் ரிங்கை ‘அளவு ஒன்றுதானே’ என்று மாட்டினால் ஒத்துக்கொள்ளாதே. சில பழைய லாரிகளில் நடுவில் இரண்டாகப் பிரியும் ரிம் இருக்கும். அதைப் பல டயர்க்காரர்கள் தொடவே மாட்டார்கள், அவர்கள் செய்வது சரி. அதற்கு வேறு ரிம் தேடு.

இன்னொன்று. இடப்பக்க வீல் நட்டுகள் கழலவே இல்லை என்று எக்ஸ்டென்ஷன் பைப் போட்டு ஏறி நின்று மிதிக்காதே. பழைய லாரிகள் பலவற்றில் இடப்பக்கம் இடது மரை. ஸ்டட்டின் முனையைத் துடைத்துப் பார், ‘எல்’ எழுத்து இருந்தால் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால் கழலும்.

டயரின் வயதை, பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தில் பார்க்கலாம். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். நாலுக்குப் பதில் மூன்று இலக்கம் இருந்தால் 2000-க்கு முன்பு செய்தது. டயரின் மேல் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த டயர் லாரியை நகர்த்தி நிறுத்த மட்டும்தான்.

கேள்வி: ஸ்டீயரிங்கைப் பாதிச் சுற்று சுற்றினாலும் லாரி நேராகவே போகிறது. ஸ்டீயரிங் பெட்டியை மாற்ற வேண்டுமா?
– நேர்வழிக்காரர்

பதில்: பெட்டியைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். முன்அச்சை ஜாக்கியில் ஏற்றி, அடியில் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங் தளர்ந்திருக்கிறது, அதை அட்ஜஸ்ட் செய்தால் போதும். நிற்கவில்லை என்றால், முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சில் இருக்கும் ஊசியான கிங் பின் தேய்ந்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை, ஆனாலும் செய்கிறவர் குறைவு.

பிறகு ஒருவர் ஸ்டீயரிங்கை இடம் வலம் ஆட்ட, நீங்கள் ஒவ்வொரு பால் ஜாயின்ட்டின் மேலும் கை வைத்துப் பாருங்கள், ஆட்டம் கைக்குத் தெரியும். கிரீஸ் நிப்பிள் எல்லாவற்றிலும் பழைய கிரீஸ் கல்லாகியிருக்கும். கழற்றி, டீசலில் ஊறவைத்து, புது கிரீஸ் மறுபக்கம் பிதுங்கி வரும்வரை அடியுங்கள். கிங் பின்னுக்கு கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் தரையில் இருக்கக்கூடாது. எடை இல்லாமல் இருந்தால்தான் கீழ்ப்பக்கத்துக்கும் இறங்கும்.

கேள்வி: தளத்தின் பலகை முழுக்க உளுத்துவிட்டது. மரமே போடலாமா, இரும்புத் தகடு அடித்துவிடலாமா?
– பலகை உடைந்து கால் மாட்டியவர்

பதில்: நாலு மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 40 மில்லிமீட்டர் கட்டி மரப்பலகை, கன மீட்டருக்கு 700 கிலோ எடையுள்ள மரம் என்றால், சுமார் 250 கிலோ வரும். 5 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சுமார் 345 கிலோ. மரத்தில் ஒரு பலகை உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். சரக்கு வழுக்காது, ஆணி அடித்துக் கட்டை நிறுத்தலாம். தகட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் வெளியில் தெரியாது. என் ஓட்டு மரத்துக்கு. இது முழுக்கக் கைவேலை என்பதால், லாரியிலேயே நீங்கள் அதிகம் மிச்சம் பிடிக்கக்கூடிய இடமும் இதுதான். பிரேக்கில் காட்ட நினைத்த சிக்கனத்தை இங்கே காட்டுங்கள்.

இடிக்கும் கட்டடங்களில் கிடைக்கும் பழைய உத்தரம், வாசற்சட்டம் எல்லாம் நன்றாகக் காய்ந்த மரம், அறுத்துப் பலகையாக்கலாம். ஒன்று மட்டும், அறுக்குமுன் பழைய ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மர அறுவைக்காரர் உங்களோடு பேசமாட்டார். பச்சை மரம் மலிவு என்று வாங்கி நெருக்கி அடித்தால், காய்ந்து சுருங்கி இடையில் விரல் போகும் அளவு பிளவு விழும். பலகையின் விளிம்பைப் பாதி கனத்துக்குச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்தால், சுருங்கினாலும் மணல் கீழே கொட்டாது. அறுத்த முனைகளுக்குத்தான் முதலில் எண்ணெய். மரம் தண்ணீர் குடிப்பது அந்த வாயால்தான்.

கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெய் நல்லது. ஆனால் அதில் நனைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு வெளிவரும், சுருட்டிய துணியில் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

தளத்தைச் சேசிஸோடு பிணைக்க யூ-போல்ட்தான். சேசிஸ் சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது. பாரம் ஏறி லாரி வளையும்போது இழுவையும் நெரிசலும் அந்த விளிம்புகளில்தான் விழும், ஒரு சின்னத் துளையிலிருந்து கீறல் புறப்பட்டுவிடும். யூ-போல்ட்டை இறுக்கும் இடத்தில் சட்டத்தின் உட்பக்கம் ஒரு கட்டை கொடுங்கள், இல்லையென்றால் விளிம்பு மடங்கும். நடுவில் வைக்கும் நீளச் சட்டத்தின் அடிப்பக்கத்துக்குத் தாராளமாகத் தார் பூசுங்கள். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன துரு வியாதி உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: டீசல் லாரி. ஃபில்டர் மாற்றியதிலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லை.
– ஃபில்டர் மாற்றிய பாவி

பதில்: ஏர்லாக், டீசல் போகும் வழியில் காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. ஃபில்டர் மேல் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள். நுரை நின்று டீசல் தெளிவாக வந்ததும் இறுக்குங்கள். அப்புறம் பம்ப்பின் ஸ்க்ரூ, கடைசியில் நாசிலுக்குப் போகும் பைப் நட்டுகளை லேசாகத் தளர்த்திச் செல்ஃப் அடியுங்கள். அந்த நட்டில் கசிகிறதா என்று விரல் வைத்துப் பார்க்காதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

கேள்வி: என்ன பெயின்ட் அடிக்கலாம்?
– நிறப்பிரியர்

பதில்: பிரேக் முடிந்துவிட்டதா?

கேள்வி: எல்லாம் முடிந்தது. நாளை முதல் ஓட்டம். எதைக் கவனிக்க வேண்டும்?
– தூக்கம் வராதவர்

பதில்: பாரம் ஏற்றாதீர்கள், ஆட்களையும் தளத்தில் ஏற்றாதீர்கள். எத்தனை பேர் கெஞ்சினாலும். ஒரு தீயணைப்பு சிலிண்டர் கை எட்டும் தூரத்தில் கேபினில் இருக்கட்டும், சீட்டுக்கு அடியில் அல்ல. ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி, நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு, மேல்குழாய் சூடாகிறதா என்று பாருங்கள். பிளாக்கின் பக்கவாட்டில் தகட்டு மூடிகள் இருக்கும். துருப்பிடித்திருந்தால் சூடேறும்போதுதான் ஒழுக ஆரம்பிக்கும்.

கிளட்ச் மிதித்தும் கியர் விழாமல் நொறுங்கினால், தட்டு ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டியிருக்கலாம். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி அணைத்து, பெடலைக் கட்டையால் அழுத்தி ராத்திரி முழுக்க வையுங்கள், பல சமயம் விட்டுவிடும். கியர்பாக்ஸில் பித்தளை சின்க்ரோ வளையம் (கியர் சத்தமின்றி விழ உதவுவது) இருந்தால் ஜிஎல்-4 தரக் கியர் ஆயில் ஊற்றுங்கள். ஜிஎல்-5-இல் கிரவுனுக்காக (பின்அச்சின் பெரிய பல்சக்கரத்துக்காக) அதிகம் சேர்க்கும் கந்தகச் சேர்மானம் சிலவற்றில் பித்தளையை அரிக்கும்.

சமதளமான, ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் தொடங்கி, ஓடுவதைவிட நிறுத்துவதை அதிகம் செய்யுங்கள். லாரி ஒரு பக்கம் இழுக்கிறதா? ஹேண்ட்பிரேக் பல பழைய லாரிகளில் கியர்பாக்ஸ் பின்னால் ஷாஃப்ட்டில் இருக்கும், ஆகவே நின்ற பிறகுதான் போட வேண்டும். ஓடும்போது இழுத்தால் ஷாஃப்ட்டுக்கும் கிரவுனுக்கும் அடி விழும்.

கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, புறங்கையை ஒவ்வொரு ஹப்புக்கும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடுமுன்பே சூடு தெரியும். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்தபடி இருக்கிறது, அல்லது பேரிங் இறுக்கம். அடியில் குனிந்து சொட்டு ஏதாவது விழுகிறதா பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் வீல் நட்டுகள், பட்டையின் யூ-போல்ட்டுகள், தளத்தின் யூ-போல்ட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள். புது பெயின்ட்டும் புது மரமும் அமுங்கி எல்லாம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அடுத்த ஓட்டத்துக்குப் பிறகும் ஒரு தடவை.